உங்க சந்தேகத்துக்கு வவுச்சர் இருக்கா?



எனக்கு வருகிற போன்களை வைத்தே அது எந்த மாதம் என்று சொல்லிவிடலாம். ஜூலையில் போன் செய்கிறவர்கள் ரிட்டர்ன் ஃபைல் பண்ணக் கேட்பார்கள். மார்ச்சில் கேட்கிறவர்களுக்கு, எதையாவது எங்கேயாவது உடனே போட்டாக வேண்டும். ஜனவரி போன்கள் வேறு மாதிரி. அவர்கள் பணத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள், தங்களைப் பற்றிப் பேசுவார்கள்.

"நாலு வருஷமா வேலை பார்க்கிறேன், ஒண்ணுமே சேர்க்கல."

"போன ஜனவரியிலயும் இப்படித்தான் ஆரம்பிச்சேன். ஜூன்ல நின்னுபோச்சு. எனக்கெல்லாம் இது செட் ஆகாது போல."

"என் ஃபிரண்டு ஃபிளாட் புக் பண்ணிட்டான். நான் இன்னும் கிரெடிட் கார்டு பில்லையே கட்டிக்கிட்டு இருக்கேன்."

இதற்குப் பதிலாக "உங்களால் முடியும், நம்புங்க" என்று சொல்ல எனக்கு வராது. அதைச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள், பின்னணி இசையோடு சொல்கிறார்கள். நான் படித்தது ஆடிட். ஆடிட்டில் ஒரு கம்பெனிக்குப் போகும்போது, அங்கே இருக்கிற அக்கவுண்டன்ட் "சார், இந்த வருஷம் செலவு ரொம்ப அதிகமாயிடுச்சு போல" என்று சொன்னால், நாங்கள் தலையாட்டிவிட்டு எழுதிக்கொள்ள மாட்டோம். "சரி, வவுச்சர் எங்கே?" என்று கேட்போம். வவுச்சர் இல்லாத செலவும் கிடையாது, வவுச்சர் இல்லாத வருமானமும் கிடையாது. "போல" என்ற வார்த்தைக்கு லெட்ஜரில் இடமில்லை.

"ஒண்ணுமே சேர்க்கல", "எனக்கு செட் ஆகாது" என்பதும் ஒரு கணக்கு அறிக்கைதான். யாரும் ஆடிட் பண்ணாத அறிக்கை. இந்த வாரம் அதை ஒருமுறை ஆடிட் பண்ணிப் பார்ப்போமா?

அதற்கு முன்னால் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீடியோவில் இதை இதுவரை சொன்னதில்லை.

எனக்கு வந்த ஜனவரி

நாங்கள் சி.ஏ. எழுதிய காலத்தில் மே, நவம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு. நவம்பரில் எழுதினால் ரிசல்ட் ஜனவரியில் வரும். ஊரே பொங்கலுக்குக் கரும்பு வாங்கிக்கொண்டிருக்கும்போது, சி.ஏ. படிக்கிறவன் வீட்டில் மட்டும் ஒரு தனி வகையான அமைதி இருக்கும். "ரிசல்ட் எப்போ?" என்று கேட்காத சொந்தக்காரரே அந்த ஒரு மாதம் நல்ல சொந்தக்காரர்.

ஃபைனல் முதல் குரூப். நான்கு பேப்பர், 400 மார்க். ஒவ்வொரு பேப்பரிலும் குறைந்தது 40 எடுக்க வேண்டும், மொத்தத்தில் 200 எடுக்க வேண்டும். எனக்கு வந்தது 43, 67, 41, 43. கூட்டிப் பாருங்க, 194. ஆறு மார்க்கில் ஃபெயில்.

அதற்கு முன்பும் ஒருமுறை ஃபெயிலாகியிருந்தேன். ஆர்ட்டிகிள்ஷிப் முடிந்துவிட்டது. பி.காம். படித்துவிட்டு நேராக வேலைக்குப் போன நண்பர்கள் பைக் வாங்கி, தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு நாள் இரவு சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே "வேற ஏதாவது பார்க்கலாமாப்பா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒரு வாரம் நான் அந்த மார்க் ஷீட்டில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் எனக்கு சீனியராக இருந்த அண்ணன் ஒருவர்தான் அதைக் கையில் வாங்கி, பேனாவால் 67-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். 60-க்கு மேல் எடுத்தால் அந்த பேப்பருக்கு எக்ஸெம்ப்ஷன். அடுத்த மூன்று அட்டெம்ப்ட் வரை அதை மறுபடி எழுத வேண்டாம், அந்த 67 மொத்தக் கணக்கில் அப்படியே கூடவே வரும். எனக்கு அந்த விதி தெரியாமல் இல்லை. சி.ஏ. படிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வாரம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அண்ணன் பக்கத்திலேயே கழித்துப் போட்டார். 200-இல் 67 போனால் 133. மீதி மூன்று பேப்பரில் 133 எடுக்க வேண்டும். இந்த முறையே அந்த மூன்றில் 127 எடுத்திருக்கிறேன். "நாலு பேப்பர் படிச்ச நேரத்துல மூணு பேப்பர் படிச்சு, ஆறு மார்க் கூட எடுக்க முடியாதா உன்னால? அதை மட்டும் யோசிச்சுச் சொல்லு," என்றார்.

கவனிச்சீங்களா? "உன்னால சி.ஏ. ஆக முடியுமா?" என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அவர் கேட்டது ஆறு மார்க்கைப் பற்றி.

மே மாதம் மூன்று பேப்பரில் 138 வந்தது. மொத்தம் 205. அதில் ஆடிட் பேப்பரில் சரியாக 40. ஒரு மார்க் குறைந்திருந்தால் மறுபடியும் நவம்பர்தான். இன்றைக்குத் தெருவில் எனக்கு "ஆடிட்டர் சார்" என்று பெயர். சிரிச்சுக்கோங்க.

ஜீரோ என்று வந்த தம்பி

போன ஜனவரியில் ஒரு தம்பி வந்தார். 26 வயது. சென்னையில் ஒரு கம்பெனியில் மூன்றரை வருஷத்துக்கு மேலாக வேலை. மாதம் 38,000 சம்பளம். மூன்று பேரோடு சேர்ந்து வாடகை வீடு. ஊருக்கு மாதம் பணம் அனுப்புகிறார். கையில் ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி படிவம், பாதி நிரப்பியது. மாமா முறை வரும் ஒருவர் கொடுத்தது. வருஷம் 48,000 ரூபாய் பிரீமியம், 15 வருஷம் கட்ட வேண்டும்.

"எதுக்குத் தம்பி இது?"

"ஒண்ணுமே சேர்க்கலண்ணா. இப்படி ஏதாவது ஒண்ணுல மாட்டிக்கிட்டாத்தான் கட்டாயமா சேர்ப்பேன். டேக்ஸும் மிச்சமாகும்னு மாமா சொன்னாங்க."

"மாட்டிக்கிட்டா" என்று அவரே சொன்னதைக் கவனியுங்கள். தன் மேல் நம்பிக்கை இல்லாத மனுஷன் தனக்குத்தானே கட்டுகிற கால்கட்டு அது. ஜனவரி முதல் மார்ச் வரை விற்கிற பாலிசிகளில் நிறைய, வரிக்காக விற்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். என் அனுபவத்தில் பாதி இந்தக் குற்ற உணர்ச்சிக்குத்தான் விற்கிறது.

முதலில் வரிக் கணக்கைப் பார்த்தோம். மாதம் 38,000 என்றால் வருஷம் 4,56,000. புதிய வரி முறையில் அந்த நிதியாண்டுக்கு 7 லட்சம் வரை வரிவிதிப்புக்குரிய வருமானம் இருந்தால் ரிபேட் போக வரியே இல்லை. அவர் ஒரு ரூபாய்கூட வரி கட்டவில்லை. போதாக்குறைக்கு, புதிய முறையில் 80சி கழிவே கிடையாது. இல்லாத வரியைக் குறைக்க வருஷத்துக்கு 48,000! (2025-26 நிதியாண்டிலிருந்து அந்த 7 லட்சம் 12 லட்சமாகிவிட்டது. சம்பளக்காரர்களுக்கு 75,000 ஸ்டாண்டர்டு டிடக்ஷனையும் சேர்த்தால் 12,75,000 வரை வரி இல்லை. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு வரிக்காக எதையும் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பாலிசி விற்க வருகிறவரிடம் முதலில் இதைச் சொல்லுங்க.)

பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தோம். நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் இருப்பது, இன்னொரு பக்கம் கொடுக்க வேண்டியது.

"பேங்க்ல எவ்வளவு இருக்கு?" 11,000.

"வீட்டு அட்வான்ஸ்ல உங்க பங்கு?" 20,000. அது தன் பணம் என்பதே அவருக்கு ஞாபகமில்லை. வீட்டைக் காலி செய்யும்போது திரும்பி வரவேண்டிய பணம், உங்க சொத்துதான்.

"பி.எஃப். பாஸ்புக் பார்த்திருக்கீங்களா?" இல்லை. உமங் ஆப்பில் யு.ஏ.என். நம்பரைப் போட்டுத் திறந்தோம். 1,16,000 ரூபாய். அவர் போனை என் கையிலிருந்து வாங்கி, ஜூம் பண்ணிப் பார்த்தார்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 15,000 ரூபாய் உச்சவரம்பில் பி.எஃப். பிடித்தால் உங்க பங்கு மாதம் 1,800. கம்பெனி பங்கு இன்னொரு 1,800. அதில் 1,250 பென்ஷன் கணக்குக்குப் போய்விடும், 550 உங்க பி.எஃப்.-க்கு வரும். ஆக மாதம் 2,350. மூன்று வருஷம் தொடர்ந்து போனாலே, 8.25 சதவீத வட்டியோடு 95,000-ஐத் தாண்டிவிடும். பே-ஸ்லிப்பில் இந்த 1,800 "டிடக்ஷன்" என்ற தலைப்பில் இருக்கிறது பாருங்க, அதனால் நம் மனது அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிடுகிறது.

இருப்பது மொத்தம் 1,47,000. இப்போது மறுபக்கம். கல்விக் கடன் பாக்கி 1,85,000. கழித்தால் மைனஸ் 38,000.

தம்பி முகம் விழுந்துவிட்டது. "பார்த்தீங்களா, ஜீரோகூட இல்ல. மைனஸ்."

"இருங்க, கணக்கு முடியல," என்றேன். எந்த பேலன்ஸ் ஷீட்டையும் தனியாகப் படிக்கக் கூடாது. போன வருஷத்து எண்ணைப் பக்கத்துக் காலத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அதற்காகத்தான் கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் இரண்டு வருஷத்து எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகிறது. "வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு உங்க நிலைமை என்ன?"

சேர்ந்த அன்று கையில் ஒன்றும் இல்லை. கல்விக் கடன், படிக்கும்போது ஏறிய வட்டியோடு 4,60,000. அதாவது மைனஸ் 4,60,000.

மைனஸ் 4,60,000-இலிருந்து மைனஸ் 38,000. நடுவில் 4,22,000 ரூபாய். 43 மாதத்தில். வகுத்தால் மாதம் 9,800 ரூபாய். "ஒண்ணுமே சேர்க்கல" என்று வந்தவர் மாதம் 9,800 ரூபாய் அளவுக்குத் தன் நிலைமையை உயர்த்தியிருக்கிறார், அதுவும் ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டே. கிணற்றுக்குள்ளே இருந்து ஏறி வருகிறவன் தரைக்கு வரும்வரை யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான். அவனுக்கேகூட தான் ஏறிக்கொண்டிருப்பது மறந்துபோகும்.

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மாமாவுக்கு என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இந்த வாரம் நீங்க செய்ய வேண்டியது

பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவர்களுக்குத் "தொடக்க இருப்பு" ஞாபகம் இருக்கும். புதுக் கணக்கு நோட்டில் பிள்ளையார் சுழி போட்டதும் முதலில் எழுத வேண்டியது அது. கடை எவ்வளவு நஷ்டத்தில் ஓடினாலும், ஜீரோ என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. போன வருஷத்துக் கடைசி எண்தான் இந்த வருஷத்து முதல் எண். புத்தாண்டுத் தீர்மானம் எடுக்கிற நாம் மட்டும்தான், "பழசெல்லாம் போகட்டும், புதுசா ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லி, போன வருஷம் சம்பாதித்த நல்லதையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறோம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்த வெள்ளைத்தாளைப் போடுங்க. எக்ஸெல் வேண்டாம். எக்ஸெல் திறந்தால் கலர் அடிக்கவே ஒரு மணி நேரம் போய்விடும்.

இருப்பது பக்கம் பொதுவாக விட்டுப்போகிறவை: பழைய கம்பெனியின் பி.எஃப். (வேலை மாறியபோது டிரான்ஸ்ஃபர் பண்ணாமல் விட்டது, நிறைய பேருக்கு அப்படியே கிடக்கும்), வீட்டு அட்வான்ஸ், கட்டிவருகிற சீட்டில் இதுவரை போட்ட தவணை, நண்பனுக்குக் கொடுத்த கைமாற்று. கடைசியாகச் சொன்னதை, திரும்பி வரும் என்று நீங்க உண்மையிலேயே நம்பினால் மட்டும் எழுதுங்க. நாங்க அதை வாராக்கடன் என்போம்.

கொடுக்க வேண்டியது பக்கத்தில் ஒளிக்காதீங்க. போனுக்கு இ.எம்.ஐ., ஆப்பில் எடுத்த சின்னக் கடன், கார்டு பாக்கி, அக்காவிடம் வாங்கியது, எல்லாம்.

பிறகு, வேலைக்குச் சேர்ந்த நாளுக்கு அல்லது போன ஜனவரிக்கு, ஞாபகத்திலிருந்தாவது அதே தாளை இன்னொரு முறை போடுங்க. உங்களுக்கு வேண்டிய எண் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் இந்தக் கணக்கு நல்ல செய்தி சொல்லாது. சிலருக்கு நடுவே இருக்கிற எண்ணும் மைனஸாகத்தான் வரும். அப்படி வந்தால் உங்க சந்தேகத்துக்கு வவுச்சர் இருக்கிறது, சரி. ஆனால் அந்த வவுச்சரில் என்ன எழுதியிருக்கிறது என்று படிங்க. "நீ உருப்பட மாட்டாய்" என்று எந்த வவுச்சரிலும் இருக்காது. பெரும்பாலும் "கிரெடிட் கார்டு, 50,000" என்று இருக்கும். மினிமம் டியூ மட்டும் கட்டிவந்தால் பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதம் வரை வட்டி. 50,000-க்கு மாதம் 1,750. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 2,065 ரூபாய், அசல் ஒரு பைசா குறையாமல். இந்த நிலையில் இருப்பவர் "நான் ஏன் எஸ்.ஐ.பி. போட மாட்டேங்கிறேன்" என்று தன்னைத் திட்டிக்கொள்ளவே வேண்டாம். இப்போது எஸ்.ஐ.பி. தேவையில்லை. எந்த ஃபண்டும் வருஷத்துக்கு 42 சதவீதம் நிச்சயமாகத் தராது. அந்தக் கார்டை அடைத்தால் உங்களுக்கு அது நிச்சயமாக மிச்சம். பெர்சனல் லோன் குறைந்த வட்டிக்குக் கிடைத்தால் அதற்கு மாற்றி, கார்டை அலமாரியில் வைத்துப் பூட்டுங்க. இந்த வருஷத்துக்கு அது ஒரு வேலை போதும்.

எது நல்ல ஃபண்டு?

இது சந்தேகத்தின் இன்னொரு முகம். "தப்பான ஃபண்டுல போட்டுட்டா?" என்ற பயத்தில் எட்டு மாதம் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். என் வீடியோவும் அதில் சேர்த்திதான்.

ஒரு சின்னக் கணக்கு. மாதம் 2,000 வீதம் ஒரு வருஷம் போடுகிறீர்கள். மொத்தம் 24,000. ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் வருஷக் கடைசியில் சுமார் 25,600. 6 சதவீதம்தான் வளர்ந்தால் சுமார் 24,800. வித்தியாசம் 800 ரூபாய். ஃபண்டைத் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் போடாமல் விட்டது 4,000. முதல் வருஷத்தில் ஃபண்டின் தரத்தைவிட உங்க இரண்டு மாதத்துக்கு ஐந்து மடங்கு எடை அதிகம். பதினைந்து வருஷக் கணக்கில் இது தலைகீழாக மாறும், அப்போது எது நல்ல ஃபண்டு என்பது ரொம்ப முக்கியம். ஆனால் அதைக் கற்றுக்கொள்ள உங்களுக்கு நேரம் இருக்கிறது. (ஷேர் மார்க்கெட் சம்பந்தப்பட்ட ஃபண்டில் ஒரு வருஷக் கடைசியில் 24,000-க்குக் குறைவாகவும் நிற்கலாம். அந்தப் பயம் அதிகம் இருந்தால் முதல் வருஷம் பேங்க் ஆர்.டி.-யிலேயே பழகுங்க, தப்பே இல்லை.)

அதேபோல, நடுவில் ஒரு மாதம் நின்றுபோனால் எல்லாம் போச்சு என்று நினைக்கிறவர்களுக்கு: அக்கவுண்ட்டில் பணம் இல்லாமல் ஒரு எஸ்.ஐ.பி. தவணை தவறினால் ஃபண்டு நிறுவனம் அபராதம் போடாது. உங்க பேங்க் ரிட்டர்ன் சார்ஜ் பிடிக்கலாம். மாதத் தவணை தொடர்ந்து மூன்று முறை தவறினால்தான் எஸ்.ஐ.பி. ரத்தாகும். அப்போதும் அதுவரை போட்ட பணம் அங்கேயேதான் இருக்கும், வளர்ந்துகொண்டுதான் இருக்கும். ஜூன் வரை ஆறு மாதம் கட்டியவர் ஆறு மாதம் கட்டியவர்தான். அது ஜீரோ ஆகாது.

ஜனவரி 1 நமக்குப் புது வருஷமே இல்லை

இதை ஒரு ஆடிட்டராகச் சொல்கிறேன். பணத்துக்கு வருஷப் பிறப்பு ஏப்ரல் 1. ஜனவரி என்பது கடைசிக் காலாண்டின் முதல் மாதம். 12 மாதத்துக்குத் தீர்மானம் எடுத்து, பிப்ரவரியில் உடைந்து, மீதி பத்து மாதம் குற்ற உணர்ச்சியில் இருப்பதற்குப் பதில், மார்ச் 31 வரை மட்டும் பாருங்க. ஜனவரி 1-இலிருந்து எண்ணினால் 90 நாள். மூன்று சம்பளம். இது டிரையல்.

டிரையலில் ஒரே ஒரு விஷயம்தான். நீங்க சேர்க்க முடியும் என்று நினைக்கிற தொகையில் பாதியை எடுத்துக்கோங்க. 5,000 தோன்றினால் 2,500. ஜனவரி உற்சாகத்தில் தோன்றும் எண்ணை நான் நம்புவதில்லை, என்னுடையதையும் சேர்த்து. அந்தப் பாதித் தொகை சம்பளம் வந்த இரண்டாவது மூன்றாவது நாளில் தானாகப் போகும்படி வையுங்க. மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்று வைத்தால் ஒவ்வொரு மாதமும் உங்க மன உறுதிக்கு ஒரு பரீட்சை நடக்கும். 30-ஆம் தேதி அந்தப் பரீட்சையில் யாருமே பாஸாக மாட்டோம்.

நடுவில் ஹெச்.ஆர். இன்வெஸ்ட்மென்ட் புரூஃப் கேட்டு மெயில் அனுப்புவார்கள். நீங்க பழைய வரி முறையில் இருந்து, ஏப்ரலில் டிக்ளேர் பண்ணியதற்குப் புரூஃப் கொடுக்காவிட்டால் கடைசி மாதங்களின் சம்பளத்தில் டி.டி.எஸ். மொத்தமாக வெட்டும். பிப்ரவரியில் கை கடித்து, எஸ்.ஐ.பி.-யை நிறுத்துவது பலருக்கு இதனால்தான். பழியைத் தன் சோம்பேறித்தனத்தின் மேல் போட்டுக்கொள்வார்கள். வாடகை ரசீதை இன்றைக்கே எடுத்து வையுங்க, பாதிப் பிரச்சனை தீர்ந்தது.

ஏப்ரலில் உங்க கையில் மூன்று மாதத்து உண்மையான எண் இருக்கும். இன்கிரிமென்ட் வரலாம். எந்த வரி முறை என்று கம்பெனி மறுபடி கேட்கும். வருஷத் திட்டத்தை அன்றைக்குப் போடலாம்.

ஃபிளாட் புக் பண்ணின அந்த ஃபிரண்டு? அவருடைய தாளின் இடது பக்கம் மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரிகிறது. வலது பக்கத்தில் 20 வருஷ ஹோம் லோன் இருக்கலாம், அப்பா கொடுத்த 15 லட்சம் இருக்கலாம். தெரியாத பேலன்ஸ் ஷீட்டோடு ஒப்பிட்டு நாங்கள் எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட மாட்டோம். "27 வயசில் 50 லட்சம்" என்று தம்ப்நெயில் பார்க்கிறீர்களே, அதுவும் அப்படித்தான். நானும் அந்த மாதிரி இரண்டு மூன்று தம்ப்நெயில் போட்டிருக்கிறேன். வியூஸ் வந்தது உண்மை. அதைப் பார்த்து எத்தனை பேர் தன் தாளை மடித்து வைத்தார்களோ என்று இப்போது யோசிக்கிறேன்.

தம்பி இந்த ஜனவரி 2-ஆம் தேதி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். அதே வெள்ளைத்தாள், அவரே போட்டது. பாலிசிக்குப் போகவிருந்த மாதம் 4,000-ஐக் கல்விக் கடனில் கூடுதலாகக் கட்டியிருக்கிறார். முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்று முதலிலேயே பேங்கில் கேட்டு, இல்லை என்று உறுதி பண்ணிக்கொண்டுதான். பி.எஃப். 1,54,000, பேங்க் 14,000, அட்வான்ஸ் 20,000. கடன் பாக்கி 68,000. அடியில் இரண்டு கோடு போட்டு, பிளஸ் 1,20,000.

போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்தது இதுதான்: "அண்ணா சாரி, ஜூலைல பைக் ரிப்பேர், அக்டோபர்ல தீபாவளி. ரெண்டு மாசம் 4,000 கட்டல."

"மீதி பத்து மாசத்தை எந்தக் காலத்துல எழுதினீங்க?" என்று கேட்டு அனுப்பினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "கடன் ஜூன்ல முடிஞ்சிடும்ணா. அதுக்கப்புறம் அந்த இ.எம்.ஐ. பணத்தை என்ன பண்றது?" என்று வந்தது.

அதற்கு அடுத்த வாரம் வீடியோ போடுகிறேன். அதற்குள் நீங்க உங்க தாளைப் போட்டு வையுங்க.